மறுப்பு இருந்தால் சொல்லவும்

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த இடத்துக்கே எழுந்து வந்து, "நடேஷ், லேப்டாப் எடுத்தாந்திருக்கியா?" என்று கேட்டாள் பிரீதா.

மூங்கில் பிளந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள். புருஷன் நடுவீட்டில் கிடக்கும்போது வாசலுக்கு வந்து லேப்டாப் கேட்ட பெண்சாதியைச் சிதம்பரத்தின் அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

நடேஷ் இறந்துபோன ராஜகணேஷின் தம்பி. சென்னையில் கம்பெனி வேலை. கிடைத்த பஸ்ஸைப் பிடித்து விடிகாலையில் வந்து சேர்ந்தவன், அழுது அழுது குரல் கட்டிப்போய் நின்றான்.

"இருக்குது அண்ணி. எதுக்கு?"

"டேட்டா கார்டு?"

"அதுவும் இருக்குது. டவர்தான் ஒரு நேரம் கெடைக்கிது, ஒரு நேரம் கெடைக்க மாட்டேங்குது."

"இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஒரு மெயில் அனுப்பணும். அதுக்குத்தான் அவரு வண்டிய எடுத்துகிட்டுக் கெளம்புனாரு."

உள்ளேயிருந்து மாமியார் பாலாம்பாளின் குரல் எழுந்தது. "மெயில் அனுப்பப் போனானாம், மெயிலு! கூர பிச்சிகிட்டுப் போன ஊட்ட உட்டுட்டு, எவனுக்கோ மெயில் அனுப்பப் போனானே எம்புள்ள!" ஒப்பாரியில் அதுவும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது. சுற்றி இருந்த பெண்கள் அந்த வரிக்கும் சேர்த்து அழுதார்கள்.

மாமியார் சொன்னதில் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை காலையில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. ஓல்ட் டவுனில் ராஜகணேஷும் பிரீதாவும் குடியிருந்த வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பக்கத்து மனைக்குக் குடிபோய்விட்டது. மின்கம்பங்கள் தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடந்தன. ஊரே தார்ப்பாய்க்கும் மெழுகுவத்திக்கும் அலைந்தபோது ராஜகணேஷ் இண்டர்நெட்டுக்கு அலைந்தான். சிதம்பரத்தில் கரண்ட் வந்துவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பினான். ஆலப்பாக்கம் தாண்டி, புயலில் விழுந்த மரங்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அடிமரம் அவன் நெஞ்சில் இறங்கியது. புயலுக்குத் தப்பியவனைப் புயல் சாய்த்த மரம் தேடி வந்து அடித்துவிட்டது, விதி என்றார்கள். விதிக்கு, நீட்டிய மரத்தின் நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டக்கூடவா வக்கில்லை என்று பிரீதா நினைத்தாள்.

கடலூர் வீட்டுக்குக் கூரை இல்லாததால்தான் உடம்பை இங்கே கொண்டுவந்திருந்தார்கள். உயிரோடு வரப் பார்த்த வீட்டுக்கு ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்திருந்தான்.

எதற்காக அந்த மெயில் என்பதை வாசலில் இருந்தவர்களிடம் விளக்கப் போனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பெலிக்கன் என்று ஒரு மென்பொருள். பள்ளிப் பிள்ளைகள் கணக்கையும் அறிவியலையும் விளையாட்டாகக் கற்றுக்கொள்வதற்கானது. திறந்தால் ஒரு கூழைக்கடாப் பறவை வாயைப் பிளந்து பாடங்களைக் கொட்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதைச் செய்தவர்களில் ஒருவன் ஜெர்மனியில், ஒருத்தி பிரேசிலில், ஒருவர் ஜப்பானில், ராஜகணேஷ் கடலூர் ஓல்ட் டவுனில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இவன் சாயங்காலம் எழுதி அனுப்புவதை ஜெர்மனிக்காரன் படித்துக் குறை சொல்வான். இரண்டு பேரும் தூங்கும் நேரத்தில் பிரேசில்காரி அதைச் சரிசெய்து வைப்பாள். விடிந்து பார்த்தால் ஜப்பான்காரர் அதில் புதுசாக ஒரு குறை கண்டுபிடித்திருப்பார். சம்பளம் என்று யாரும் யாருக்கும் தருவதில்லை. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ராஜகணேஷ் இதில்தான் கிடந்தான். சொந்தக்காரர்கள் அதற்கு வைத்த பெயர், வீட்டோட இருக்கிறான்.

ஆளுக்கொரு நேரத்தில் விழித்திருப்பவர்கள் கூடிப் பேசுவது எப்படி? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் தன் யோசனையை எல்லோருக்கும் எழுதி, கூடவே ஒரு கெடுவும் சொல்லிவிடுவார். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லவும். கெடுவுக்குள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம்.

இதை முதலில் கேட்டபோது பிரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதேதான். பொண்ணு ஒண்ணும் சொல்லல, அப்ப புடிச்சிருக்குதுன்னு எங்கப்பா தட்ட மாத்திட்டாரு."

"புடிக்கலியா அப்ப?"

"காரணத்தோட சொல்லணுமே. காரணம் கெடைக்கல."

அப்படிப் பேசிக்கொண்டதெல்லாம் மின்வெட்டு நேரங்களில்தான். அந்த வருஷங்களில் கரண்ட் இருப்பதுதான் செய்தி. ஒரு தடவை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, மாற்று வர நாட்கணக்கில் ஆகிவிட்டது. எங்கே ஆளைக் காணோம் என்று ஜெர்மனிக்காரன் கேட்டிருந்தான். பிரயாணத்தில் இருந்தேன் என்று ராஜகணேஷ் பதில் எழுதினான்.

"ஏன் பொய் சொல்றீங்க? கரண்ட் இல்லன்னு சொன்னா என்னா?"

"பாவம்னு சொல்லுவாங்க பிரீ. அப்பறம் பெரிய வேலை எதுவும் கைல குடுக்க மாட்டாங்க. இவன் ஊர்ல வெளக்கே எரியாதுன்னு ஒரு தடவ மனசுல பட்டுடிச்சின்னா அவ்ளோதான்."

கௌரவம் சோறு போடாது என்பார்கள். ராஜகணேஷின் கௌரவம் அவனை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு நீண்ட மின்வெட்டுக்கும் ஒரு பயணம் தேவைப்பட்டது. வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் பாயில், விசிறியால் மாற்றி மாற்றி வீசிக்கொண்டு, "இந்த வாட்டி எங்க போலாம்?" என்று அவளிடம் கேட்பான். இமயமலைக்கு அனுப்பியது அவள்தான். காசிக்கு அனுப்பியதும் அவள்தான். கட்ச் பாலைவனம் மட்டும் அவனாகவே போனது. பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் இருட்டு ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

புயலுக்கு நாலைந்து நாள் முன்னால் ஜெர்மனிக்காரன் ஒரு யோசனை அனுப்பினான். அடுத்த பதிப்பிலிருந்து பழைய கம்ப்யூட்டர்களைக் கைவிட்டுவிடலாம், அவற்றுக்காக மெனக்கெடுவதால் புதிய வேலை எதுவும் ஓடவில்லை, இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள். மறுப்பு இருந்தால் புது வருஷம் பிறந்து திங்கட்கிழமைக்குள் காரணத்தோடு சொல்லவும்.

யார் வைத்திருந்தார்கள் என்று பிரீதாவுக்குத் தெரியும். அவள் பாடம் நடத்தும் குடிகாடு கிராமத்துப் பள்ளியில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த ரகம்தான். செம்மங்குப்பம் பக்கம் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டியதைத் தூசு தட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் பெலிக்கனை ஓட வைக்க ராஜகணேஷ் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் தடவை அந்தப் பறவை வாயைத் திறந்தபோது, பக்கத்துத் தொழிற்சாலைகளின் கெமிக்கல் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கையை எடுத்துவிட்டுக் கத்தினார்கள். அன்றைக்கு அவன் அடைந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அவள் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பள்ளியைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் அவன் மூச்சுவிட்டதில்லை. பெண்டாட்டி பள்ளிக்கூடத்துக்காகப் பேசுகிறான் என்று ஆகிவிடுமாம். இப்போது வேறு வழியில்லை, எழுதிவிடுகிறேன் என்றான். வியாழக்கிழமை ராத்திரி எழுத உட்கார்ந்தபோது கரண்ட் போனது. அதற்கப்புறம் வரவேயில்லை.

இப்போது திங்கட்கிழமை. நடேஷை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் இதையெல்லாம் வேகவேகமாகச் சொல்லி முடித்தாள் பிரீதா.

"ரெண்டே வரிதான் நடேஷ். வேண்டாம், மறுக்கிறேன்னு ஒண்ணு. எங்க ஊர் ஸ்கூல்ல இந்த மெஷின்தான் இருக்குது, புள்ளைங்க இதுலதான் படிக்குதுங்கன்னு ஒண்ணு. அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்."

நடேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அண்ணி, அண்ணன் பேர்ல இப்ப எப்படி அனுப்பறது? செத்தவங்க பேர்ல ஓட்டுப் போடற மாதிரி ஆயிடாதா? கள்ள ஓட்டு மாதிரி."

"அவரு உசுரோட இருந்தப்ப எடுத்த முடிவு அது."

"தெரியிது. ஆனா நாளைக்கி அவுங்களுக்குத் தேதி தெரிஞ்சா?"

"அப்ப என் பேர்ல போடு. நான் அந்த ஸ்கூல் டீச்சர்."

"நீங்க டீம்லயே இல்லியே அண்ணி," என்றான் நடேஷ். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருக்கிற நிலைமையைத்தான் சொன்னான்.

அதற்குள் உள்ளேயிருந்து ஆள் வந்துவிட்டது. எடுக்க நேரமாகிறதாம், பெண்கள் சடங்கு பாக்கி இருக்கிறதாம். "சரி அண்ணி, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்," என்றான் நடேஷ். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் அப்பினார்கள். கல்யாணத்தன்று வைத்ததைவிடத் தாராளமாகத்தான் வைத்தார்கள், எப்படியும் எடுக்கப்போகிற பூதானே. "அழுதுடுடி, நெஞ்சில வச்சிக்காத," என்று யாரோ தோளை உலுக்கினார்கள். அவள் மாடிப்படியில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மாடியில்தான் டவர் கிடைக்கும்.

சங்கு ஊதினார்கள். மாமனார் சபாநாயகம் மகனின் கால்மாட்டில் நின்று ஒரு தடவை அவன் பாதத்தைத் தொட்டார், அவ்வளவுதான். சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தே தலை நரைத்த மனிதர். ஊரில் யார் எங்கே போனார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பெரிய மகன் மட்டும் சென்னையைத் தாண்டிப் போகச் சோம்பேறி என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர். பாடை கிளம்பும்வரை நின்றுவிட்டுப் பின்னால் நடந்தார்.

கொள்ளி வைத்தது நடேஷ்தான். ஈர வேட்டியும் மழித்த தலையுமாக வீடு திரும்பியபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரீதா வாயால் கேட்கவில்லை, பார்த்தாள். அவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இறங்கி வர நேரமானது.

"அனுப்பிட்டேன் அண்ணி," என்றான்.

புயலுக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்குப் பிரீதா தூங்கினாள். வெறும் தரையில், பூ வாடிய வாசனையோடு, அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். புருஷனை எரித்த அன்றைக்கே எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று பாலாம்பாள் சொன்னது அவள் காதில் விழவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு வந்தபின், நடேஷ் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். எதிரே சபாநாயகம். சுவரோரமாகப் பிரீதா. பாலாம்பாள் அடுக்களை வாசலில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணனோட டீம்லேருந்து பதில் வந்திருக்குதுப்பா. பத்துப் பதினஞ்சி பேரு எழுதியிருக்காங்க." திரையைக் கீழே நகர்த்தினான். "அண்ணன் இவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்கே தெரியாது. அவரு மாதிரி பொறுமையா சொல்லிக்குடுக்கறவங்கள பாத்ததில்லன்னு அந்த பிரேசில் லேடி எழுதியிருக்காங்க. ஜப்பான்காரரு, அவரு ஊர்க் கோயில்ல வெளக்கு வச்சாராம்."

பாலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் ஒண்ணு எழுதியிருக்காங்க," என்று நடேஷ் நிறுத்தினான். "அண்ணன் பெரிய யாத்ரீகராம். எப்பவும் பயணத்துலயே இருப்பாராம். இமயமலை, காசி, கட்ச் பாலைவனம்... ஒரு ஊர் முடிஞ்சி வந்தா புது ஆளா வந்து வேல செய்வாராம். அவர மாதிரி வாழ முடியலியேன்னு எங்களுக்குப் பொறாமையா இருக்கும்னு எழுதியிருக்கான் ஜெர்மனிக்காரன். கடைசிப் பயணமும் நல்லபடியா அமையட்டும்னு..."

சபாநாயகம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"காசிக்கா?" என்றார் சபாநாயகம். "எப்ப போனான்? அத்தினி பேருக்கு டிக்கெட் குடுத்தேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கலியே."

நடேஷ் அண்ணியைப் பார்த்தான். சபாநாயகமும் திரும்பினார்.

"நீயும் போனியாம்மா?"

பிரீதா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கிழவர் முகத்தில் அவள் கண்டது வருத்தம் மட்டுமில்லை. மகன் காசியைப் பார்த்துவிட்டான் என்ற ஒரு சின்ன நிம்மதியும் அதில் இருந்தது. அதைப் போய்ப் பிடுங்குவதா?

"நானும் போனேன் மாமா," என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டார். பிரீதா நடேஷின் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஓட்டு என்னா ஆச்சி?"

நடேஷ் திரையைப் பார்த்தான். "முடிஞ்சிடிச்சி அண்ணி. மறுப்பு ஏதும் வரலன்னு பாஸ் பண்ணிட்டாங்க. அண்ணன் பயணத்துல இருக்காரு போல, பதில் இல்லாததால சம்மதம்னு எடுத்துக்கறோம்னு முடிச்சிருக்காங்க. அப்பறம்தான் நம்ம மெயிலப் படிச்சிருக்காங்க."

"நீ அனுப்பிட்டேன்னு சொன்னியே?"

"அண்ணன் இறந்துட்ட சேதிய அனுப்புனேன். அதத்தான் சொன்னேன். அதுலயே..." மழித்த தலையைத் தடவிக்கொண்டான். "எழவு சொல்ற மெயில்ல போயி பழைய கம்ப்யூட்டர் வேணும்னு எப்படி அண்ணி எழுதறது? எனக்குக் கை வரல."

"சேதி சொல்ல அவரு போகல நடேஷ். வேணாம்னு சொல்லத்தான் போனாரு. அதுக்குத்தான் போனாரு. ஒரு வார்த்த. அத நான் உங்கிட்டக் குடுத்தேன்."

"விடும்மா," என்றாள் பாலாம்பாள். "அவனே போயிட்டான். கம்ப்யூட்டரு ஓடுனா என்னா, ஓடாட்டி என்னா?"

"அண்ணன அப்படி மறந்துட மாட்டாங்க அண்ணி," என்று நடேஷ் அவசரமாகச் சொன்னான். தப்பைச் சரிசெய்ய அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். "அடுத்த வெர்ஷன அண்ணனுக்கே டெடிகேட் பண்றாங்களாம். தொறந்ததும் மொதல் ஸ்கிரீன்ல அண்ணன் பேரு, போட்டோ. எங்கள் யாத்ரீகருக்குன்னு போடப்போறாங்க. ஒலகம் பூரா எத்தினி ஸ்கூல்ல தெரியும், நெனச்சிப் பாருங்க."

"குடிகாட்டு ஸ்கூல்ல அது தொறக்காது," என்றாள் பிரீதா.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஜெர்மனிக்காரன் ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வாரி வாரி மண் தூற்றியிருக்கலாம். எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து, அவன் எதற்காகச் செத்தானோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்த இடத்தில் அவன் பெயரை எழுதப்போகிறார்கள். அவர்களை ஏமாற்றியதும் அவன்தான். கூட உட்கார்ந்து ஊர்ப் பெயர் எடுத்துக் கொடுத்தது அவள்தான். யாரை வைவது?

"ஒரு போட்டோ கேக்கறாங்க," என்றான் நடேஷ். "ஏதாவது பயணத்துல எடுத்ததா இருந்தா நல்லதாம்."

அவனே தேடினான். அண்ணன் ஊர் விட்டு ஊர் போய் எடுத்துக்கொண்ட படம் அவனிடம் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் பிச்சாவரத்தில் நடேஷே எடுத்தது. தில்லை மரங்களுக்கு நடுவே படகில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளோடு புருஷனும் பெண்சாதியும். ராஜகணேஷ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

"இது நல்லாருக்குது. ஏதோ காட்டுக்குள்ள இருக்கற மாதிரி. ஆனா நீங்க பக்கத்துல இருக்கீங்க அண்ணி. அவுங்க அண்ணன் படம் மட்டும்தான் கேக்கறாங்க. உங்கள எடுத்துட்டு அனுப்பட்டுமா?"

பிரீதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி?"

நடேஷ் கொஞ்சம் காத்திருந்தான். சபாநாயகம் எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மகனைப் பார்க்கத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். அடுக்களையில் காய்ந்த பாத்திரத்தை யாரோ எடுத்து வைத்தார்கள். டவர் போவதற்குள் அனுப்ப வேண்டும். நடேஷ் படத்தை வெட்டினான்.

"அண்ணி கை மட்டும் நிக்கிது," என்றான் தனக்குத்தானே. "அத எடுத்தா அண்ணன் தோளும் போயிடும். இருக்கட்டும்."

படம் மெள்ள மெள்ள ஏறிக்கொண்டிருந்தது. சிரிக்கும் ராஜகணேஷ், பின்னால் தண்ணீர், ஆரஞ்சுத் தோளின் மேல் நாலு விரல்கள்.